அறிவியல் ஓவியர் வேலை: மை போடுவதிலிருந்து பிளேட்டுக்குப் பொறுப்பேற்பது வரை

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு செங்காந்தள் பூவைக் கெடுத்தேன். ஹெர்பேரியம் எனப்படும் உலர்செடிக் காப்பகத்தின் தாளில் ஒட்டியிருந்த காய்ந்த மாதிரியைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன். சூற்பையின் மேல் நேராக நிற்கவேண்டிய சூலகத்தண்டு அடியிலேயே மடிந்து பக்கவாட்டில் கிடந்தது. செடியை அழுத்திக் காயவைத்தபோது ஒடிந்திருக்கும் என்று நானாக முடிவு கட்டி, அதை நிமிர்த்தி வரைந்து, மையும் போட்டு முடித்துவிட்டேன். தாளை வாங்கிப் பார்த்த தாவரவியலாளர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "தம்பி, இது ஒடிஞ்சது இல்ல. இந்தப் பூவுக்கு இது இப்படித்தான் இருக்கும். பின்னாடி வேலியில கொடி படர்ந்திருக்கு, போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலே எரிவதுபோல் நிற்க, அந்தத் தண்டு ஏறத்தாழ செங்கோணத்தில் திரும்பிப் பக்கவாட்டில் நீண்டிருந்தது. தமிழ்நாட்டின் மாநில மலர், ஈழத்தில் கார்த்திகைப்பூ, உழவர்களுக்குக் கண்வலிக்கிழங்கு. சிறுவயதிலிருந்து கண்ணில் படும் பூ. ஒருநாளும் அந்தத் தண்டை நான் பார்த்திருக்கவில்லை.

அன்று என் கை பிசகவில்லை, கோடு சுத்தமாகவே இருந்தது. பிசகியது வேறொன்று: எனக்கு அனுமதியில்லாத ஒரு முடிவை, யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டேன். அறிவியல் ஓவியர், தொழில்நுட்ப ஓவியர் ஆகிய வேலைகளில் நிலை உயர்வதன் பொருளை அங்கேதான் கற்றுக்கொண்டேன். மேலே போகப் போகப் படம் அழகாகும் என்று பலர் நினைக்கிறார்கள். படம் அழகாவது முதல் மூன்று வருடங்களோடு பெரும்பாலும் நின்றுவிடும். அதற்குப் பிறகு உயர்வதெல்லாம், எந்த முடிவை நீங்களே எடுக்கலாம், எதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டும் என்பதுதான். இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

எது இந்த வேலை

அமெரிக்க அரசு தன் பணிகளுக்கெல்லாம் எண் கொடுத்து வகைப்படுத்தியிருக்கிறது. அதில் படம் வரைவோருக்கு 1020 என்ற எண். அந்த வகைக்கான வரையறையில் இரண்டு தகுதிகள் பேசப்படுகின்றன: ஓவியத் திறமை, வரையப்படும் பொருளைப் பற்றிய அறிவு. இந்த இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அது வேறு வேலை. கை மட்டும் இருப்பவர் நல்ல ஓவியர். பொருளறிவு மட்டும் இருப்பவர் நல்ல ஆய்வாளர். இரண்டும் ஒரே மேசையில் உட்காரும்போதுதான் இந்தத் தொழில் தொடங்குகிறது.

நம் நாட்டில் இந்த வேலை ஒரே பெயரில் கிடைக்காது. 1890இல் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகம், 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் ஆகியவற்றின் வெளியீடுகளில் செடிகளும் பூச்சிகளும் மீன்களும் வரையப்படுகின்றன. கோயம்புத்தூரில் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் அதன் மெட்ராஸ் ஹெர்பேரியமும் இருக்கின்றன. திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கிருந்து பாதிரியார் கே. எம். மேத்யூ 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த தமிழ்நாட்டின் கர்னாட்டிக் பகுதித் தாவரங்களின் நூல்வரிசையில் படங்களுக்கென்றே ஒரு தொகுதி உண்டு. கிடைத்தால் வாங்கி, ஒரு மாதம் அதையே பாருங்கள். தொல்லியல் துறையில் இந்த வேலைக்கு வரைவாளர் என்று பெயர்; பானை ஓடுகளும் அகழாய்வுக் குழிகளின் மண்ணடுக்குகளும் அவர்கள் கையால் வரையப்படுகின்றன. மருத்துவக் கல்லூரியில் ஓவியர், பொறியியல் நிறுவனத்தில் டெக்னிக்கல் இல்லஸ்ட்ரேட்டர், காப்புரிமை அலுவல் பார்ப்பவர்களிடம் டிராஃப்ட்ஸ்மேன். பெயர்ப் பலகையை விட்டுவிட்டு, என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் நிலை: பயிற்சியாளர்

காலம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். இந்த நிலையில் பொருளைப் பற்றிய முடிவு எதையும் நீங்கள் எடுப்பதில்லை. இன்னொருவர் பென்சிலில் முடித்து, ஆய்வாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட படத்தின் மேல் டிரேசிங் ஃபிலிமை விரித்து மை போடுவீர்கள். எழுத்துக் குறிகள் ஒட்டுவீர்கள், ஸ்கேன் செய்து தூசுப் புள்ளிகளைத் துடைப்பீர்கள், அளவுக்கோடு வைப்பீர்கள், பதிவேட்டில் படத்தின் எண்ணையும் மாதிரியின் எண்ணையும் எழுதுவீர்கள். சலிப்பான வேலை என்று நினைக்காதீர்கள். பிறகு நடக்கும் பெரிய விபத்துகளில் பாதி இந்தப் பதிவேட்டைச் சரியாக எழுதாததால் வருபவை.

முதலில் கோடு. 0.1, 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டர் பேனாக்கள் போதும். ஒரு இலை விளிம்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில், நடுக்கமில்லாமல், இணைப்பு தெரியாமல் இழுக்கப் பழகுங்கள். தாளைத் திருப்பித் திருப்பி வைத்து, மணிக்கட்டுக்கு வசதியான திசையில் இழுக்கவேண்டும். இரண்டு வாரம் இதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள்.

அடுத்து நிழல். அச்சில் கறுப்பு மட்டும்தான்; சாம்பல் நிறத்தைப் புள்ளிகளால்தான் காட்டவேண்டும். ஒளி எப்போதும் மேல் இடப்பக்க மூலையிலிருந்து விழுவதாகக் கொள்வது உலகம் முழுக்க உள்ள வழக்கம். எல்லோரும் அதே பக்கத்தை வைத்துக்கொண்டால்தான் பார்ப்பவருக்கு மேடு எது, பள்ளம் எது என்று தெரியும். ஒளியைக் கீழே மாற்றினால் விதையின் மேலுள்ள குழிகள் கொப்புளங்களாகத் தெரியும்.

புள்ளி வைக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். இலையில் உண்மையாகவே சுரப்பிப் புள்ளிகள் இருக்கலாம், ரோமங்கள் இருக்கலாம். நீங்கள் நிழலுக்காக வைத்த புள்ளி அவற்றைப்போலத் தெரிந்தால், இல்லாத ஒன்றை அந்தச் செடிக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு சிற்றினத்தை அடுத்த சிற்றினத்திலிருந்து பிரிப்பதே அந்தச் சுரப்பிகளாகக்கூட இருக்கலாம். ரோமமுள்ள இலையில் நிழலே வேண்டாம் என்று விடுவது பல நேரங்களில் சரி.

பிறகு சுருக்கம். படம் அச்சிடப்படும் அளவைவிடப் பெரிதாகவே வரைவோம். ஒன்றரை மடங்கில் வரைந்தால் 0.3 மில்லிமீட்டர்க் கோடு அச்சில் 0.2 ஆகும், 0.1 கோடு 0.07க்குக் கீழே போய் ஆங்காங்கே காணாமல் போகும். நெருக்கமான புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகும். வரைந்ததை ஜெராக்ஸ் கடையில் சுருக்கி நகல் எடுத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். ஸ்கேன் செய்யும்போது, கோட்டோவியத்துக்குப் பல ஆய்விதழ்கள் 600 முதல் 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) வரை கேட்கும். டிஃப் கோப்பாகவே வையுங்கள்; ஜேபெக் ஆக்கினால் கோட்டின் ஓரம் அழுக்காகும்.

இரண்டாம் நிலை: உதவி ஓவியர்

இங்கே மாதிரி உங்கள் கைக்கு வருகிறது. பொறுப்பு இன்னும் வரவில்லை. எதை வரையவேண்டும் என்று ஆய்வாளர் எழுதிக் கொடுப்பார்: இந்தத் தாளிலுள்ள இந்தக் கிளை, இந்தப் பூவின் நீள்வெட்டு, இந்த மகரந்தத்தாளின் முன்னும் பின்னும். நீங்கள் அளந்து, நுண்ணோக்கியில் பார்த்து, பென்சிலில் வரைந்து காட்டவேண்டும். எதை விடுவது என்ற முடிவு உங்களுடையதல்ல.

காய்ந்த பூவை அப்படியே பிரிக்க முயலாதீர்கள், பொடியாகிவிடும். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு பூவை எடுத்து, வெந்நீரில் சில நிமிடம் போட்டு மென்மையாக்கி, ஊசியால் விரிக்கவேண்டும். வெட்டிய துண்டுகளை வீசிவிடக் கூடாது. சிறு காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டவேண்டும். நூறு வருடம் கழித்து வரும் ஒருவர் உங்கள் படத்தை அந்தத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

நுண்ணோக்கியோடு கேமரா லூசிடா இருந்தால் வேலை எளிது. 1806இல் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் காப்புரிமை பெற்ற கருவி அது. மாதிரியும், பக்கத்திலிருக்கும் உங்கள் தாளும், பென்சில் முனையும் ஒரே பார்வையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். விளிம்பைப் பின்தொடர்ந்தால் போதும். ஆனால் அது கொடுப்பது அளவை மட்டுமே. அதில் எடுத்த கோட்டை அப்படியே மை போட்டால் படம் செத்துக் கிடக்கும். எடுத்த பிறகு கண்ணைக் குழாயிலிருந்து விலக்கி, மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது எதன் மேல் இருக்கிறது, எது எங்கே ஒட்டுகிறது என்று புரிந்துகொண்டு மறுபடி வரையவேண்டும்.

அளவுக் கணக்கில்தான் இந்த நிலையில் அதிகம் தவறுகிறார்கள். மூன்று மில்லிமீட்டர் மகரந்தத்தாளைத் தாளில் 45 மில்லிமீட்டராக வரைந்தால் உருப்பெருக்கம் 15 மடங்கு. பக்கத்தில் "15 மடங்கு" என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அச்சில் படம் 60 விழுக்காடாகச் சுருங்கும்போது உண்மையான பெருக்கம் 9 மடங்கு. எழுத்து மட்டும் 15 என்றே நிற்கும். அதனால்தான் அளவுக்கோடு. 15 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு போட்டு "1 மி.மீ." என்று குறித்தால், அது படத்தோடு சேர்ந்து 9 மில்லிமீட்டராகச் சுருங்கினாலும் இன்னும் 1 மில்லிமீட்டரையே காட்டும். படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கோடு வேண்டும்.

இந்த நிலையில் உங்கள் முக்கியமான கடமை கேள்வி எழுதுவது. பென்சில் படத்தின் ஓரத்தில், சந்தேகமான ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் போட்டுக் கேள்வியை எழுதுங்கள். "இந்தத் தண்டு ஒடிந்ததா, இயல்பா?" என்று அன்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஒரு வார வேலையை மறுபடி செய்திருக்க வேண்டாம். கேள்வியே இல்லாமல் வரும் படத்தை நான் இன்று சந்தேகத்தோடுதான் வாங்குகிறேன்.

மூன்றாம் நிலை: தனிப்பொறுப்பு ஓவியர்

தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இங்கே தங்கிவிடுபவர்களும் உண்டு. அதில் குறைவொன்றும் இல்லை. இந்த நிலையில் ஒரு முழு பிளேட், அதாவது ஒரு செடியின் எல்லாப் பகுதிகளையும் சேர்த்துக் காட்டும் முழுப் படப்பக்கம், உங்களுடையது. விளக்கக் குறிப்பும் மாதிரிகளும் வரும்; எதை எந்த அளவில், எந்தக் கோணத்தில் காட்டுவது, எதை விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்து ஆய்வாளரிடம் சொல்வீர்கள். அதே செங்காந்தளை எடுத்துக்கொண்டு, ஒரு பிளேட் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன்.

முதல் நாள் பேனாவைத் தொடாதீர்கள். விளக்கக் குறிப்பைப் படித்து, இந்தச் செடியை அடையாளம் காட்டும் பண்புகளைப் பட்டியலிடுங்கள். கவைபோல் பிரியும் கிழங்கு. நுனி பற்றுக்கம்பியாகச் சுருளும் இலை. நீண்ட காம்பில் தலைகவிழ்ந்து தொங்கும் பூ. அலைவிளிம்போடு பின்னோக்கி வளையும் ஆறு இதழ்கள். பரவி நிற்கும் ஆறு மகரந்தத்தாள்கள். அவற்றின் பைகள் நடுவில் ஒட்டி ஊசலாடுபவை. பக்கவாட்டில் திரும்பும் சூலகத்தண்டு, மூன்றாகப் பிரியும் நுனி. காய், விதை. பிளேட்டில் இவையெல்லாம் தெரியவேண்டும். இவற்றில் ஒன்றையும் காட்டாத எதற்கும் இடம் கொடுக்கவேண்டாம்.

அடுத்து மாதிரிகள். ஒரே தாளை நம்பாதீர்கள். கிடைக்கும் அத்தனை தாள்களையும் வாங்கி விரித்து, இலை எவ்வளவு அகலம் வரை போகிறது, பூக்காம்பு எவ்வளவு நீளம் என்று அளந்து, இயல்பான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மிக அழகான கிளை பெரும்பாலும் இயல்பான கிளையாக இருக்காது. ஆனால் புதிய சிற்றினம் ஒன்றை விவரிக்கும் கட்டுரைக்கு வரைகிறீர்கள் என்றால் விதி வேறு. அந்தப் பெயருக்கே ஆதாரமான மூலமாதிரி எதுவோ அதிலிருந்துதான் வரையவேண்டும். வேறு தாளிலிருந்து காயை எடுத்திருந்தால், எந்தப் பகுதி எந்த எண்ணுள்ள மாதிரியிலிருந்து வந்தது என்று படக்குறிப்பில் தனித்தனியாகச் சொல்லவேண்டும்.

உயிருள்ள செடியைப் பாருங்கள். தாளில் அழுந்திய செங்காந்தளில் இதழ்கள் விசிறிபோல் தட்டையாகக் கிடக்கும். பூ கவிழ்ந்து தொங்குவதே தெரியாது. நிறமும் அப்படித்தான். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாளாக ஆகச் சிவப்பு ஏறும். வண்ணத்தில் வரைபவர் எந்த நாள் பூ என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். இந்தச் செடியில் கொல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கிழங்கையும் விதையையும் வெட்டும்போது கையுறை போடுங்கள், பென்சிலை வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் அன்றைக்கே விட்டுவிடுங்கள்.

உயிருள்ள செடி கிடைக்காத நேரங்களே அதிகம். அப்போது காய்ந்து தட்டையானதிலிருந்து உயிருள்ள வடிவத்தை மீட்டெடுக்கவேண்டும். இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தில் வேலைபார்த்த மடில்டா ஸ்மித் இதற்குப் பேர்போனவர். 1898இல் அந்தத் தோட்டத்தின் முதல் அதிகாரபூர்வ ஓவியராக நியமிக்கப்பட்டார். கர்டிஸ் தாவரவியல் இதழுக்கு மட்டும் 2,300க்கும் மேற்பட்ட பிளேட்டுகள் வரைந்தவர். காய்ந்து நசுங்கிய மாதிரியிலிருந்து நிற்கும் செடியை எழுப்பும் அந்தத் திறமையைத்தான் தாவரவியலாளர்கள் அவரிடம் மிகவும் மதித்தார்கள். அதைக் கண்கட்டு வித்தையாக நினைக்கவேண்டாம். மடிப்பின் தடம் எங்கே இருக்கிறது, நரம்பு எந்தப் பக்கம் மேடாக இருக்கிறது, காம்பு எந்தத் திசையில் முறுக்கியிருக்கிறது என்று தாளிலேயே சாட்சிகள் கிடக்கின்றன. அதே குடும்பத்தின் உயிருள்ள பூக்கள் நாற்பதைப் பிரித்துப் பார்த்த கைக்கு அந்தச் சாட்சிகளைப் படிக்க முடியும்.

இப்போது இடம் ஒதுக்குங்கள். தீப்பெட்டி அளவில் ஐந்தாறு சிறு வரைவுகள் போட்டு, முழுக் கொடியை நடுவில் வைப்பதா, ஓரத்தில் ஏற்றுவதா என்று பாருங்கள். இலை பத்து இருந்தால் பத்தையும் வரைய வேண்டியதில்லை. பின்னாலிருப்பவற்றை வெறும் கோடாக விடலாம். ஆனால் பற்றுக்கம்பி ஒன்று முழுதாகத் தெரிந்தே ஆகவேண்டும். சூலகத்தண்டின் திருப்பம் எந்தக் கோணத்தில் மறைகிறதோ, அந்தக் கோணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கூடாது.

அடுத்தது பென்சில் படம். ஆய்வாளரோடு பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பு. இதை மின்னஞ்சலில் முடித்துக்கொள்ளாதீர்கள்; முடிந்தவரை மாதிரியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் பார்க்கவேண்டும். அவர் திருத்தம் எழுதிக் கையெழுத்திட்ட அந்தப் பென்சில் தாளைப் பத்திரமாக வையுங்கள். அதன் பிறகுதான் மை. மை போட்ட பிறகு வரும் திருத்தம் உங்கள் தவறால் வந்ததா, அவர் மனம் மாறியதால் வந்ததா என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். பின்னால் காசு பேசும்போது இது முக்கியம்.

இப்போதெல்லாம் கணினியே செடி படம் வரைந்து கொடுக்கிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்தப் படத்தின் சூலகத்தண்டு எந்த மாதிரியிலிருந்து வந்தது, எந்த எண்ணுள்ள தாளில் போய்ச் சரிபார்ப்பது என்று கேட்டுப்பாருங்கள். அதற்குப் பதில் இல்லாத படத்தை ஆய்வுக் கட்டுரையில் வைக்க முடியாது. டேப்லெட்டில் வரைவது வேறு விஷயம். அதில் ஒரு குறையும் இல்லை, திருத்துவதும் எளிது.

இயந்திரப் பக்கம்

தொழில்நுட்ப ஓவியருக்கும் இதே படிகள்தான். மாதிரிக்குப் பதிலாக முப்பரிமாணக் கணினி வடிவம் வரும். பயிற்சியாளர் பழைய படங்களில் பாக எண்களை மாற்றுவார். உதவி நிலையில், பொருளின் மூன்று பக்கங்களும் ஒருசேரத் தெரியும் ஐசோமெட்ரிக் பார்வையில் வரைவார்: பக்கங்கள் 30 பாகையில் சாயும், வட்டங்கள் 35 பாகை நீள்வட்டமாகும். தனிப்பொறுப்பு நிலையில் ஒரு பம்பைப் பிரித்துக்காட்டும் படம் முழுக்க அவருடையது.

பிரித்துக்காட்டும் படத்தில் பாகங்களை அழகுக்காகச் சிதறவிடக் கூடாது. எந்த வரிசையில் கழற்றவேண்டுமோ அதே வரிசையில், எந்த நேர்கோட்டில் வெளியே வருமோ அதே கோட்டின்மேல் நிறுத்தவேண்டும். வாஷர் போல்ட்டுக்குக் கீழேயா, நட்டுக்குக் கீழேயா என்பதை மாற்றி வரைந்தால், படத்தைப் பார்த்துப் பூட்டும் மெக்கானிக் மாற்றித்தான் பூட்டுவார். கணினி வடிவத்திலிருந்து கோட்டை எடுப்பது ஒரு பொத்தான் வேலை. அதில் வரும் ஆயிரம் கோடுகளில் எந்த நானூறை நீக்கினால் மெக்கானிக்குக் கண் தெளியும் என்பதுதான் ஓவியர் வேலை. வெளி விளிம்பு தடித்தும் உள்கோடு மெலிந்தும் இருக்கவேண்டும். விமானம், ராணுவம் சார்ந்த கையேடுகளில் எஸ்1000டி என்ற பன்னாட்டு விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு படத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. வடிவமைப்பு மாறினால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்தெந்தப் படம் மாறவேண்டும் என்று தேடுவார்கள்.

காப்புரிமைப் படம் இதில் ஒரு தனிக் கிளை. சென்னையிலேயே காப்புரிமை அலுவலகம் இருப்பதால் இங்கே வேலை உண்டு. 2003ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: ஏ4 தாள், மேல்பக்கமும் இடப்பக்கமும் குறைந்தது 4 சென்டிமீட்டர், கீழ்ப்பக்கமும் வலப்பக்கமும் 3 சென்டிமீட்டர் ஓரம், படத்தில் அளவுகள் குறிக்கக் கூடாது, செயல்முறை வரைபடம் தவிர வேறெதிலும் விளக்க வாசகம் எழுதக் கூடாது. பொறியியல் வரைபடம் போட்டுப் பழகிய கை அளவு எழுதாமல் இருக்காது. முதல் மாதம் அதையே கவனியுங்கள்.

நான்காம் நிலை: முதுநிலை ஓவியர்

இங்கே வரைவது குறையும், பார்ப்பது கூடும். ஒரு நூலுக்கு எட்டுப் பேர் வரைந்தால் எட்டுப் பேரின் கோடும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல் இருக்கவேண்டும். அதற்கான நடைவிதியை எழுதுவது முதுநிலை ஓவியரின் வேலை: கோட்டின் தடிமன், புள்ளியின் அடர்த்தி, எழுத்தின் அளவு, அளவுக்கோட்டின் இடம். அச்சகத்தோடு பேசுவது, கால அட்டவணை, பயிற்சியாளர் பொறுப்பு எல்லாம் இவருடையவை.

ஆனால் இவரை மற்றவர்களிடமிருந்து பிரிப்பது ஒரே ஒரு கடமை: ஆய்வாளரின் எழுத்தைப் படத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுத் தவறைச் சொல்வது. "இலையில் ஏழு நரம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்த ஆறு தாளிலும் ஐந்துதான் இருக்கிறது" என்று மரியாதையோடும் ஆதாரத்தோடும் சொல்லும் தகுதி. சில ஆய்வாளர்கள் முகம் சுளிப்பார்கள். நல்ல ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு நுண்ணோக்கியில் குனிவார். வரைபவர்தான் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் பார்த்தே ஆகவேண்டியவர் என்பது அவருக்குத் தெரியும். 1911இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஓவியத்துக்கென்றே ஒரு துறை தொடங்கி, அதன் முதல் தலைவரான மேக்ஸ் ப்ரோடல் மாணவர்களை அறுவைக்கூடத்துக்கும் உடற்கூறு மேசைக்கும் அனுப்பியது இதற்காகத்தான். புரியாததை வரையக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

நம் மண்ணில் இதற்கு இன்னும் பழைய கதை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ராபர்ட் வைட், சென்னை மாகாணத்தில் இருந்தபடி 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2,101 பிளேட்டுகளோடு தென்னிந்தியத் தாவரப் படநூலை வெளியிட்டார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. இருவரும் இந்திய ஓவியர்கள். கம்பெனிக்காக வரைந்த எத்தனையோ இந்தியக் கைகள் பெயரே தெரியாமல் போய்விட்டன. வைட் இவர்கள் பெயரைப் பிளேட்டுகளில் அச்சிட்டார். ஒரு படி மேலே போய், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். அந்தப் பேரினம் பிற்பாடு வேறொரு பெயரோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ஒரு தாவரவியலாளர் தன் ஓவியரை எங்கே வைத்து மதித்தார் என்பது அந்த ஏட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அதே நூற்றாண்டில் கியூவில் வால்டர் ஹூட் ஃபிட்ச் பத்தாயிரத்துக்கு நெருக்கமான படங்களை வரைந்து அச்சேற்றினார். ஊதியத் தகராறில் 1877இல் கர்டிஸ் தாவரவியல் இதழுக்கு வரைவதையே நிறுத்திவிட்டார். அத்தனை பெரிய கைக்கே அந்த நிலை என்பதால் அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

ஒப்பந்தமும் உரிமையும்

மாதச் சம்பளத்தில் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, படத்தின் பதிப்புரிமை முதலாளிக்கே. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தனியாக வேலை எடுப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன வண்ண ஓவியத்துக்கு, எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்று அதே பிரிவு சொல்கிறது. அதனால் வேலை தொடங்கும் முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். எத்தனை பிளேட், பென்சில் நிலையில் எத்தனை திருத்தம், மை போட்ட பிறகு வரும் திருத்தத்துக்கு எவ்வளவு, எந்த நூலின் எந்தப் பதிப்புக்கு அனுமதி, மூலத்தாள் யாரிடம் இருக்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்.

பெயர் வேறு, உரிமை வேறு. உரிமையை விற்றுவிட்டாலும், இதை வரைந்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு உங்களிடமே விட்டுவைக்கிறது. படத்தின் ஓரத்தில், சுருக்கினாலும் தெரியும் அளவில், கையெழுத்தையும் ஆண்டையும் போடுங்கள். கூச்சப்படாதீர்கள்.

வேலைக்குப் போகும்போது எதைக் கொண்டுபோவது

பத்துப் படம் போதும். கோட்டோவியத்தில் ஒரு முழு பிளேட், நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த வெட்டுப்படங்கள் இரண்டு, வண்ணத்தில் ஒன்று, பூச்சியோ ஓடோ எலும்போ ஒன்று. பானை ஓடு வரைந்திருந்தால் ஒரு பாதியில் வெட்டுமுகமும் மறுபாதியில் வெளிப்புறமும் தெரியும்படி, முறைப்படி வரைந்ததாக இருக்கட்டும். இயந்திரப் பக்கம் போவதென்றால், வீட்டிலிருக்கும் தண்ணீர்க் குழாயையோ மிக்சி ஜாரையோ நீங்களே கழற்றி வரைந்த பிரிப்புப் படம். நிறுவனத்தில் வரைந்ததை அனுமதியில்லாமல் காட்டாதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் மாதிரி எங்கிருந்து வந்தது, என்ன அளவில் வரைந்தது, எத்தனை நாள் ஆனது என்று எழுதுங்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததை அப்படியே சொல்லிவிடுங்கள், கேட்டால் தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒரே படத்தின் இரண்டு தாள்களைச் சேர்த்து வையுங்கள்: மை போட்டு முடித்தது, அதற்கு முன்பு ஆய்வாளரின் வட்டங்களும் உங்கள் கேள்விகளுமாகக் கிறுக்கிக் கிடக்கும் பென்சில் தாள். அந்த இரண்டாவது தாளைப் பலர் வெட்கப்பட்டு வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நேர்காணலில் உட்காரும் நாட்களில் நான் முதலில் கேட்டு வாங்குவது அதைத்தான்.